சம்பளத்தில் பிடித்தால் கணக்கு முடிந்ததா?

அப்பா திருச்சி பெல் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கைலாசபுரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று ஒரு தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பாரம் 16 எல்லாம் வருஷவாரியாகக் கட்டி வைத்திருந்தார். ரிட்டர்ன் நகல் மட்டும் பல வருஷங்களுக்கு இல்லை. கேட்டதற்கு, "அதான் கம்பெனியிலேயே பிடிச்சுட்டாங்களேடா, அப்புறம் என்ன ரிட்டர்ன்?" என்றார்.

அசட்டை என்றுதான் நினைத்தேன். பழைய சட்டங்களைத் தேடிப் படித்தபோது, அப்பா சொன்னதற்குப் பின்னால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழக்கம் இருப்பது தெரிந்தது.

இந்தியாவில் வருமான வரி 1860ல் வந்தது. 1857 கிளர்ச்சியை அடக்கிய செலவை ஈடுகட்ட ஜேம்ஸ் வில்சன் கொண்டுவந்தார். வருஷ வருமானம் 200 ரூபாயைத் தாண்டினாலே வரி. அப்போது சென்னை கவர்னராக இருந்த சார்லஸ் டிரெவெல்யன் இதைக் கடுமையாக எதிர்த்து, தன் ஆட்சேபத்தைப் பத்திரிகையிலேயே வெளியிட்டார். அதற்காக அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். வில்சனும் அதே வருஷம் ஆகஸ்டில் கல்கத்தாவில் இறந்துபோனார். வரி 1865ல் நின்றது, பிறகு வேறு வேறு பெயர்களில் வந்து போனது.

நிலைத்து நின்றது 1886 சட்டம். இதில்தான் நம்ம கதை ஆரம்பம். வருமானத்தை நாலு வகையாகப் பிரித்து முதல் வகையாகச் சம்பளத்தையும் பென்ஷனையும் வைத்தார்கள். 2,000 ரூபாய்க்குக் கீழே ரூபாய்க்கு 4 பை, அதற்கு மேலே 5 பை. அரசு ஊழியருக்குச் சம்பளம் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்வார்கள். கம்பெனியாக இருந்தால், யார் யாருக்கு எவ்வளவு சம்பளம் என்ற பட்டியலைக் கம்பெனி அதிகாரி கலெக்டருக்குக் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியலுக்குப் பெயர்தான் ரிட்டர்ன். அதாவது சம்பளக்காரனின் ரிட்டர்னை எழுதியவன் அவனுடைய முதலாளி. 1922 சட்டத்தில் 18ஆம் பிரிவு பிடித்தத்தைக் கட்டாயமாக்கியது. 1961 சட்டத்தில் அது 192ஆம் பிரிவு ஆனது. (பழைய ரூபாய்க்கு 192 பை. தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.) முதலாளி கொடுக்கும் வருடாந்திரச் சம்பளப் பட்டியலும் இரண்டு சட்டங்களிலும் தொடர்ந்தது.

தனி ஆள் தன் ரிட்டர்னைத் தானே போடுவது இன்னொரு தடம். அந்தத் தடத்திலிருந்தும் சம்பளக்காரர்களுக்கு அவ்வப்போது விலக்கு கிடைத்தது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும், சின்னச் சம்பளம் மட்டுமே வருமானமாக இருந்து வரியும் சரியாகப் பிடிக்கப்பட்டிருந்தால் ரிட்டர்ன் வேண்டாம் என்று 139ஆம் பிரிவிலேயே ஒரு உட்பிரிவு இருந்தது. 2002ல், ஊழியர்கள் எல்லோருடைய ரிட்டர்னையும் கம்பெனியே மொத்தமாகத் தாக்கல் செய்ய ஒரு திட்டம் வந்தது. 2011ல், மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள், சேமிப்புக் கணக்கு வட்டி 10,000க்குள் இருந்தால் வேண்டாம் என்றார்கள். இரண்டு மதிப்பீட்டு ஆண்டுகளோடு அந்தச் சலுகை போயிற்று. ஆக, அப்பாவின் பேச்சு சில வருஷங்களுக்குச் சட்டப்படியே சரி. எந்த வருஷத்துக்குச் சரி, எதற்குத் தப்பு என்று யார் வந்து சொன்னார்கள்?

இங்கிலாந்தில் 1944ல் சம்பளப் பிடித்தத்தை மாசாமாசம் கூட்டிக் கழித்துச் சரிசெய்யும்படி அமைத்தார்கள். அங்கே பெரும்பாலான ஊழியர்கள் இன்றைக்கும் ரிட்டர்ன் போடுவதில்லை. இங்கே முதலாளி பிடிப்பது ஒரு உத்தேசத் தொகைதான். இறுதிக் கணக்கு ரிட்டர்னில்தான் தீரும்.

இது கைலாசபுரத்துக்கு நேராகவே தொட்ட விஷயம். 2001ல் குவார்ட்டர்ஸ் சலுகைக்கு வரி போடும் விதி மாறி, வீடு எப்படி இருந்தாலும் ஊரின் மக்கள்தொகையை வைத்துச் சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்று ஆனது. அறுபதுகளில் கட்டிய வீட்டுக்கு இதுவா என்று டவுன்ஷிப்களில் கொதித்தார்கள். கர்நாடக உயர் நீதிமன்றத்தில் பெல் ஊழியர் சங்கத்தின் பெயரிலேயே ஒரு வழக்கு நடந்தது. 2006ல் அருண் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், விதி செல்லும், ஆனால் முதலில் 'சலுகை' என்று ஒன்று இருக்க வேண்டும் என்றது. அடுத்த வருஷமே சட்டத்தை முன்தேதியிட்டுத் திருத்திவிட்டார்கள். அது வேறு வயிற்றெரிச்சல். நான் கவனித்தது இதைத்தான்: கம்பெனி அதிகமாகப் பிடித்துவிட்டது என்று நினைக்கிற ஊழியர் அதைச் சொல்லித் திரும்பக் கேட்க இருக்கும் இடம் ரிட்டர்ன். அதைப் போடாதவருக்கு ரீஃபண்டும் கிடையாது.

சித்தப்பா மகன் துவாக்குடிப் பக்கம் ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் வேலை பார்த்தான். பெரியப்பா சொல்லை நம்பி இரண்டு வருஷம் ரிட்டர்ன் போடவில்லை. மூன்றாம் வருஷம் வீட்டுக் கடனுக்காகப் போட்டான். வரி பாக்கி என்று நோட்டீஸ் வந்தது. "ஸ்லிப்புல மாசாமாசம் பிடிச்சிருக்கான் பெரியப்பா. 26ஏஎஸ்ல ஒரு பைசா இல்ல" என்று வந்து நின்றான். முதலாளி பிடித்த பணத்தைக் கட்டவே இல்லை. அப்பா அந்த ஸ்லிப்புகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பெல்லில் அவருக்கு இப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. பிடித்தால் கட்டியிருப்பார்கள் என்பது அவருக்கு நம்பிக்கைகூட இல்லை, சும்மா உண்மை.

சட்டத்தில் வழி இருக்கிறது. பிடித்த அளவுக்கு ஊழியரிடம் மறுபடி கேட்கக் கூடாது என்கிறது 205ஆம் பிரிவு. வசூலுக்கு நெருக்கக் கூடாது என்று நேரடி வரிகள் வாரியமும் 2015லும் 2016லும் அதிகாரிகளுக்கு எழுதியிருக்கிறது. பே ஸ்லிப்புகள், வங்கிக் கணக்கு நகல் எல்லாம் சேர்த்துப் பாக்கியை மறுத்துப் பதில் போட்டோம். ஆனால் முதல் வருஷமே ரிட்டர்ன் போடப் போய் 26ஏஎஸ்ஸைத் திறந்திருந்தால், அடுத்த இரண்டு வருஷம் அங்கே வேலையில் இருந்திருக்க மாட்டான்.

2022ல் வந்த ஒரு விதி இன்னும் சுவாரஸ்யம். வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தாலும், பிடித்த வரி 25,000 ரூபாயைத் தொட்டால் (60 வயதானவர்களுக்கு 50,000) ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும். பிடிச்சாச்சு, அதனால் வேண்டாம் என்ற அப்பாவின் நியாயத்தை அப்படியே தலைகீழாக்கிவிட்டார்கள்.

தம்பியின் பாக்கி போர்ட்டலில் இன்னும் தெரிகிறது. ஜூன் பிறந்தால் அப்பாவே போன் போட்டு, "அவனோட 26ஏஎஸ் எடுத்துப் பாத்தியா?" என்கிறார். தன்னுடையதைக் கேட்பதில்லை.