இசேத் திருக்கோயிலின் தொன்மை

ஜப்பானிய ஷிந்தோ நெறியின் தலைமைத் திருக்கோயில் யாதென வினவின், இசே என்பதே விடையாகும். ஞாயிற்றுத் தெய்வமாகிய அமதெராசு உறையும் உட்கோயிலும், உணவுத் தெய்வமாகிய தொயோஉகே உறையும் புறக்கோயிலும் அங்குத் தலைமையானவை. புறக்கோயிலை முதற்கண் வழிபட்டுப் பின்னரே உட்கோயிலுக்குச் செல்லுதல் மரபு. பழமை காணும் வேட்கையொடு செல்வோர் ஈண்டுத் திகைப்பர். அவர்தம் கண்முன் நிற்கும் மரக்கோயில் 2013ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது.

இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை இக்கோயிலைப் புதிதாகக் கட்டுகின்றனர். அருகருகே இரண்டு நிலங்கள் உள. ஒன்றில் கோயில் நிற்க, மற்றொன்று கூழாங்கற்கள் பரப்பிய வெற்றிடமாகக் காத்துக் கிடக்கும். அவ்வெற்றிடத்தே புதுக்கோயில் எழுந்தபின், இருளில் தெய்வத்தை எழுந்தருளச் செய்து, பழையதைப் பிரித்துவிடுவர். ஆடை, வாள் முதலிய திருப்பொருள்களும் புதியனவாகவே செய்யப்பெறும். பேரரசர் தென்மு வகுத்ததாகக் கூறப்பெறும் இம்முறை, அவர்தம் தேவியாகிய ஜிதோ அரசாண்ட காலத்தே 690இல் உட்கோயிலிலும் 692இல் புறக்கோயிலிலும் முதன்முதல் நிறைவேறிற்று. 2013இல் நிகழ்ந்தது 62ஆவது.

இருபது ஆண்டு என வரையறுத்த காரணம் பழைய ஏடுகளில் வெளிப்படக் கூறப்படவில்லை. தூண்களை அடிக்கல்லின்றி மண்ணிலேயே நடுதலாலும், கூரை புல்வேய்ந்ததாதலாலும் விரைவில் பழுதுறும் என்பர் சிலர். இஃது உண்மையே; எனினும் போதிய விடையன்று. ஹோரியூஜி என்னும் பௌத்தக் கோயிலின் மரக்கட்டடங்கள் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக நிற்கின்றன. அடிக்கல்லும் ஓடும் இட்டு நெடிது நிற்குமாறு கட்டும் முறையை அக்காலத்தார் நன்கறிந்திருந்தனர். அறிந்திருந்தும் இசேயில் அதனை மேற்கொள்ளாமை, பழைய வடிவைக் காத்தல் வேண்டும் என்னும் கருத்தினாலேயே ஆதல் வேண்டும்.

அங்ஙனமாயின் இன்றுள்ள வடிவம் ஏழாம் நூற்றாண்டின் வடிவமே என்று கொள்ளலாமோ? பலரும் அவ்வாறே எழுதிச் செல்கின்றனர். வரலாறு அதற்கு இடந்தரவில்லை. புறக்கோயில் 1434இலும் உட்கோயில் 1462இலும் புதுக்கப்பெற்றபின், நாட்டில் மூண்ட போர்களால் இப்பணி நின்றுபோயிற்று. மீண்டும் அது நிகழ்ந்தது புறக்கோயிலில் 1563இல், உட்கோயிலில் 1585இல். இடையே நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தமையின், கட்டியவர் கையிலிருந்து நேரே கற்றோர் ஒருவரும் எஞ்சியிருத்தல் இயலாது. 804இல் அரசுக்கு அளிக்கப்பெற்ற சடங்கேடுகள் முதலிய எழுத்துச் சான்றுகளே துணையாயிருத்தல் வேண்டும். அவ்வேடுகளோடு பிற்காலக் கோயிலை ஒப்பிட்ட அறிஞர், உலோக அணிகளிலும் வேலி, மனைகளின் அமைப்பிலும் வேறுபாடுகள் கண்டுள்ளனர். அறுந்த மரபை மீட்கப் பொருள் திரட்டியோர் கெய்கோயின் மடத்துப் பௌத்தப் பெண்துறவியர். பௌத்தத் துறவியர் திருமுன் அணுகலாகாது எனவும், பௌத்தச் சொற்களைச் சொல்லுதலும் கூடாது எனவும் விலக்கு இருந்த இடம் அது!

1949இல் நிகழவேண்டிய 59ஆவது புதுப்பிப்பும் போர்த்தோல்வியால் தள்ளிப்போய், அரசின் பொருளின்றி மக்கள் கொடையால் 1953இல் நிறைவேறிற்று.

வழிபடச் செல்வோர் வேலிவாயிலில் தொங்கும் வெண்திரைக்கு இப்பால் நின்று வணங்குதல் வேண்டும். கூரை முகடுகளையன்றிப் பிறவற்றைக் காண்டல் அரிது. பழைய மரத்தைக் காண விழைவோர் இசுசு ஆற்றின் உஜிப் பாலத்திற்குச் செல்க. பாலத்தின் இருமுனையிலும் நிற்கும் தோரீ என்னும் வாயில்கள், முன்னைக் கோயில்களின் முகடு தாங்கிய தூண்களால் ஆயவை. அங்கு இருபது ஆண்டு நின்றபின், அவை செகி, குவனா ஆகிய பழைய வழித்துறைகளுக்குச் சென்று மீண்டும் வாயில்களாக நிற்கும்.