கல்லை அகற்றியவர்கள்



விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் ஒரு குடைவரைக் கோயில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் எடுப்பித்தது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல், பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் இதை அமைத்தான் என்கிறது அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு. விசித்திரசித்தன் என்பது அரசனின் பட்டப்பெயர். எவையெல்லாம் இல்லை என்று நான்கு பொருள்களைக் கணக்கெடுத்த கல்வெட்டு, யாரெல்லாம் இருந்தார்கள் என்று ஒருவரையும் சொல்லவில்லை. உலோகம் இல்லை என்பதும் கட்டுமானப் பொருளுக்கு மட்டுமே பொருந்தும். இரும்பு உளி இல்லாமல் அந்தப் பாறைக்குள் ஒரு விரற்கடைகூடப் போயிருக்க முடியாது. உளி இருந்தது என்றால் அதை அடித்துத் தீட்டிய கொல்லர் இருந்தார்; உலைக்குக் கரி சுமந்தவரும் இருந்தார்.

குடைவரைகளை நமது பாரம்பரியம் என்று சொல்லும்போது, யாருடைய உழைப்பை யார் பெயரில் எழுதி வைக்கிறோம்? இந்தக் கேள்வியோடு நாம் எல்லோராவுக்குப் போக வேண்டும்.

மகாராட்டிரத்தில் அவுரங்காபாத்துக்கு அருகே உள்ள எல்லோராவில் எண்ணிடப்பட்ட குகைகள் 34. முதல் 12 பௌத்தம். 13 முதல் 29 வரை வைதிக சமயக் கோயில்கள். கடைசி ஐந்தும் சமணம். பதினாறாவதுதான் கைலாசநாதர் கோயில். அதன் பெரும்பகுதி எட்டாம் நூற்றாண்டில் ஆண்ட இராட்டிரகூட அரசன் முதலாம் கிருஷ்ணன் காலத்தது என்பர்.

வழக்கமான கட்டடம் கீழிருந்து மேலே எழும். கைலாசநாதர் கோயில் மேலிருந்து கீழே இறங்கியது. மலைச்சரிவின் உச்சியில் மூன்று பக்கமும் பெரும் பள்ளங்களை வெட்டி, நடுவில் ஒரு பாறைத் திட்டைத் தனியே நிறுத்தினார்கள். பிறகு சிகரத்தில் தொடங்கி அடித்தளம் வரை செதுக்கிக்கொண்டே வந்தார்கள். பின்பக்கச் சுவரின் உயரம் ஏறத்தாழ 30 மீட்டர். எரிமலைக் குழம்பு இறுகி உண்டான கரும்பாறை அது. வெட்டி அகற்றிய கல் சுமார் 2 லட்சம் டன் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள்.

இந்த முறையில் ஒரு கொடுமை உண்டு. செங்கல் கட்டடத்தில் உழைப்பு அடுக்கடுக்காகக் கண்ணுக்குத் தெரியும். குடைவரையில் உழைப்பின் பெரும்பகுதி வெற்றிடமாகிவிடுகிறது. நாம் நின்று வியக்கும் முற்றம், ஒரு காலத்தில் கூடை கூடையாகச் சுமந்து வெளியேற்றப்பட்ட மலை. சிற்பம் மிஞ்சியது, அகற்றிய கல்லும் அகற்றிய கைகளும் கணக்கில் வரவில்லை.

கி.பி. 812ஆம் ஆண்டைச் சேர்ந்த பரோடா செப்பேடு இக்கோயிலைப் புகழ்கிறது. எலாபுரத்து மலையில் அரசன் எழுப்பிய கோயிலைக் கண்டு தேவர்களே வியந்தார்கள் என்றும், அதைச் செய்த சிற்பியே இதை எப்படிச் செய்தேன் என்று திகைத்தான் என்றும் அது சொல்கிறது. சிற்பியின் திகைப்பு பதிவானது. சிற்பியின் பெயர் பதிவாகவில்லை.

பெயர் எழுதும் வழக்கமே அக்காலத்தில் இல்லை என்று யாரும் சமாதானம் சொல்ல முடியாது. கைலாசநாதர் கோயிலுக்கு முன்மாதிரி என்று அறிஞர்கள் காட்டும் பட்டடக்கல் விருபாட்சர் கோயில், காஞ்சியை வென்ற சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தனுக்காக அவன் அரசி லோகமாதேவி எடுத்தது. அங்கே குண்டன் அனிவாரிதாசாரி என்ற தலைமைச் சிற்பியின் பெயரும் பட்டமும் கல்லில் இருக்கின்றன. மாமல்லபுரத்துக்கு அருகே பூஞ்சேரிப் பாறையில் கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் முதலிய பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. உளி அடித்துக் கொடுக்கும் கொல்லனுக்கும் அங்கே ஓர் இடம் கிடைத்திருக்கிறது. ஆக, எழுத்து இருந்தது, கல் இருந்தது, எழுதவும் தெரிந்திருந்தது. யார் பெயர் எழுதத்தக்கது என்பதை அதிகாரம் முடிவு செய்தது. தலைமைச் சிற்பி வரை இறங்கி வந்த அந்த வரிசை, கல் சுமந்தவர் வரை வரவேயில்லை.

இனி 1934ஆம் ஆண்டுக்கு வருவோம். அண்ணல் அம்பேத்கரும் இயக்கத் தோழர்கள் சுமார் முப்பது பேரும் எல்லோராவின் பௌத்தக் குகைகளைக் காணப் புறப்பட்டார்கள். அப்பகுதி அன்று நிஜாமின் ஐதராபாத் அரசில் இருந்தது. வழியில் தௌலதாபாத் கோட்டை. வாசலருகே இருந்த குளத்தில் பயணப் புழுதி போக முகம் கழுவினார்கள். தீண்டத்தகாதவர்கள் குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று கூச்சல் எழுந்தது; கூட்டம் திரண்டு மிரட்டியது. முடிவில், கோட்டைக்குள் எங்கும் தண்ணீரைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு உள்ளே விட்டார்கள். அதைக் கண்காணிக்க ஆயுதம் தாங்கிய ஒரு சிப்பாயும் கூடவே வந்தான். இந்துக்களுக்குத் தீண்டத்தகாதவர் பிற சமயத்தவர்க்கும் தீண்டத்தகாதவராகவே இருக்கிறார் என்பதற்குச் சான்றாக அம்பேத்கர் இதை எழுதி வைத்தார்.

பாரம்பரியச் சின்னத்தைப் பார்க்கப் போனவர்கள் காவலுக்குள் நடந்தார்கள். மலையை வெட்டிய கைகளின் பெயரை அழித்ததும், முகம் கழுவிய கைகளைத் தீட்டு என்றதும் ஒரே ஒழுங்கின் இரண்டு செயல்கள். உழைப்பு தேவை, உழைத்தவர் தேவையில்லை என்பதே அந்த ஒழுங்கு. அதற்கு அம்பேத்கர் கொடுத்த பதில் கல்வி. 1950இல் அதே அவுரங்காபாத்தில் மக்கள் கல்விக் கழகத்தின் சார்பில் அவர் தொடங்கிய கல்லூரிதான் பிறகு மிலிந்த் கல்லூரி எனப் பெயர் பெற்றது.

அப்படியானால் இக்கோயில்களின்மேல் நமது உரிமை என்ன? கல் வெட்டியவர்கள் எல்லாம் நம் சாதியினரே என்று சான்றில்லாமல் மார்தட்ட வேண்டியதில்லை. பிறருடைய சாதிப் பெருமைக் கதைகளை மறுத்துவரும் நாம், நமக்கென்று ஒன்றைக் கட்டிக்கொள்ளக் கூடாது. இரத்த வழியில் உரிமை தேடுவது சாதியின் கணக்கு. நமது கணக்கு வேறு. உழைப்பால் ஆனது உழைக்கும் மக்கள் எல்லோருக்கும் உரியது. அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்த நாட்டில் பொதுச் சின்னம் எவருக்கும் கருணையாகத் திறக்கப்படுவதல்ல. இந்த இரண்டு நியாயங்களே நமக்குப் போதும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கைலாசநாதர் கோயிலுக்குப் போனால் சிற்பங்களைப் பார்ப்பதற்கு முன் முற்றத்தைச் சூழ்ந்த பாறைச் சுவர்களைப் பாருங்கள். அங்கே உளித் தழும்புகள் இன்னும் இருக்கின்றன. எந்தக் குடைவரையைப் பற்றி ஆய்வேடு எழுதினாலும், எடுப்பித்த அரசன், காலம், கலைப்பாணி ஆகியவற்றோடு நிறுத்திவிடாதீர்கள். எவ்வளவு பாறை வெட்டினார்கள், எந்தக் கருவியால் வெட்டினார்கள், யார் தீட்டினார்கள், யார் சுமந்தார்கள், அந்தக் கல் எங்கே போனது என்று ஓர் இயல் எழுதுங்கள். விடை கிடைக்காத இடத்தில் கேள்வியை அப்படியே எழுதி வையுங்கள். அடுத்து வருபவர் அங்கிருந்து தொடங்கட்டும்.