பூதவாதியும் இரசாயனக்கூடமும்: உயிரின் தோற்றம் பற்றிய சிந்தனை வரலாறு குறித்து

மணிமேகலையின் இருபத்தேழாவது காதையிலே பூதவாதி ஒருவன் தன் கொள்கையை எடுத்துரைக்கிறான். தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூடும்போது வெறியூட்டும் தன்மை பிறப்பது போல, பூதங்களின் சேர்க்கையால் உணர்வு தோன்றும் என்பது அவன் வாதம். பௌத்தக் காப்பியம் இதனை ஏற்கவில்லை. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞானசித்தியார் பரபக்கமும் மறுப்பதற்காகவே உலகாயதத்தை எடுத்துக்கூறுகிறது. சைவசித்தாந்தக் கல்வி வேரூன்றிய யாழ்ப்பாணத்திலும் அவ்வாதம் தோற்ற கட்சியாகவே பயிலப்பட்டது.

பூதவாதியின் உவமை மது வடிப்போரின் தொழிலறிவிலிருந்து பெறப்பட்டது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. ஆனால், வாதிட்டோர் வடித்தோரல்லர். வடித்தோர் வாதமன்றத்துள் அனுமதிக்கப்பட்டோருமல்லர். மூளையுழைப்பையும் உடலுழைப்பையும் சாதியால் பிரித்துவைத்த சமுதாயத்தில் அவ்வாதம் பரிசோதனையாக வளர வழியிருக்கவில்லை.

1847இல் யாழ்ப்பாணம் வந்து, பின்னர் மானிப்பாயில் தமிழில் மருத்துவம் போதித்த சாமுவேல் கிறீனின் முயற்சி இப்பிரிவினையில் ஓர் உடைப்பினை ஏற்படுத்தியது எனலாம். அவர் தொடக்கிய நூல்வரிசையில் 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூல் 1875இல் வெளிவந்தது. சேர்க்கையும் பகுப்பும் தமிழிலே கைவினையோடு கற்கத்தக்கனவாயின. ஆயினும் ஆங்கிலக் கல்வியே உத்தியோகத்துக்கு வழியாக இருந்த குடியேற்ற ஆட்சிச் சூழலில் அம்மரபு நிலைக்கவில்லை.

உயிரற்ற பொருளிலிருந்து படிமுறையாக உயிர் தோன்றியிருக்கலாம் என்ற கருதுகோளை 1924இல் சோவியத் அறிஞர் ஒப்பாரினும் 1929இல் ஹோல்டேனும் தனித்தனியே முன்வைத்தனர். 1953இல் மில்லர், மெதேன், அமோனியா, ஐதரசன், நீராவி ஆகியவற்றில் மின்பொறி செலுத்தி அமினோ அமிலங்களைப் பெற்றார். இத்துறையிலேதான் காலியிற் பிறந்த சிறில் பொன்னம்பெரும பிரவேசித்தார். 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் பட்டம்பெற்ற அவர், இலண்டனில் மார்க்சிய விஞ்ஞானி பேர்ணலிடம் பயின்றதும், 1962இல் கலிபோர்ணியாவிற் கலாநிதிப் பட்டம் பெற்றதும் தற்செயலான பெயர்ச்சிகளல்ல. தத்துவவினா செய்முறையைத் தேடிய பயணம் அது. 1963இல் அவரும் சகாக்களும் மெதேன், அமோனியா, நீர் ஆகியவற்றின் கலவையில் இலத்திரன் கற்றையைச் செலுத்தி, பரம்பரைப் பொருளின் ஒரு கூறாகிய அடினினைப் பெற்றனர்.

1969இல் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசனில் வீழ்ந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருப்பதை அவரடங்கிய குழு 1970இல் அறிவித்தது. புவியுயிர்களின் புரதங்களில் இடக்கை வடிவமே காணப்பட, இங்கு இடக்கை, வலக்கை வடிவங்கள் ஏறத்தாழச் சமமாயிருந்தன. ஆகவே அவை புவியிலிருந்து ஒட்டிய மாசுகளல்ல என்பது புலனாயிற்று.

எனினும் ஆய்வுகூடத்தில் உயிர் இன்னும் உருவாக்கப்படவில்லை. ஆதி வளிமண்டலம் மில்லர் கருதிய அளவு ஐதரசன் செறிந்ததன்று என்பதே இன்று பலரின் கருத்து. கூறுகள் கிடைத்தன, அவை தம்மைத்தாமே பிரதிசெய்யும் ஒழுங்கமைப்பாக மாறிய கட்டமே விளக்கத்தை வேண்டி நிற்கிறது. பொருள்முதல்வாதத்தை முடிந்த முடிபாக ஓதுவோர் இதனை மறத்தலாகாது.

பொன்னம்பெருமவை 'நம்மவர்' எனப் பாராட்டி அமைவது எளிது. அவர் வினாவைத் தமிழ் மாணவர் பாடசாலையில் தம் மொழியிற் கற்றும், பல்கலைக்கழக விஞ்ஞானபீடத்தில் ஆங்கிலத்திலேயே தொடர வேண்டியிருப்பது ஏன் எனக் கேட்பதே கடினம். பூதவாதிக்கு இல்லாதிருந்தது தருக்கமன்று, பட்டறை. இன்று பட்டறை உண்டு. அதன் வாயிலில் மொழி நிற்கிறது.