நரம்பு தளர்ந்தால் மூச்சும் தளரும்

நுரையீரல் நன்றாக இருந்தும் மூச்சு முட்டுமா? முட்டும். மூச்சை இழுப்பது உதரவிதானம் என்ற தசை. அதற்குக் கட்டளை கொண்டுபோவது நரம்பு. உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்பின் உறையைத் தாக்கினால் கை கால்கள் தளரும், சிலருக்கு மூச்சும் தளரும்.

திடீரென வரும் வகையை 1916இல் கில்லன், பாரே, ஸ்ட்ரோல் மூவரும் விளக்கினர். மாதக்கணக்கில் நீளும் வகையை 1975இல் அமெரிக்காவின் பீட்டர் டிக் குழுவினர் தனியே பிரித்துக் காட்டினர். இதில் மூச்சு பாதிக்கப்படுவது அரிது. ஆனால் பாதித்தால் ஆபத்து.

பெயர் வைத்ததால் மட்டும் யாரும் பிழைக்கவில்லை. 1952இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவியது. பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர் நோயாளியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வழியே காற்றைச் செலுத்தினார். இயந்திரங்கள் போதவில்லை. மருத்துவ மாணவர்களே முறை வைத்து, இரவு பகலாகக் கையால் பையை அழுத்தி மூச்சுக் கொடுத்தனர். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு அதிலிருந்து வளர்ந்ததுதான். நரம்பு நோயாளிகளையும் அதுவே காக்கிறது.

சிதம்பரத்தில் 1985இல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, 2021இல் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியானது. ஆனால் நோயாளியை நேரத்தோடு மருத்துவமனையில் சேர்க்க வேண்டியவர்கள் வீட்டார்தான். சடுகுடு பாடுவதுபோல ஒரே மூச்சில் எண்ணச் சொல்வது மருத்துவர்கள் செய்யும் எளிய சோதனை. கை கால் தளர்ந்தவருக்கு 20 எண்ணுவதற்குள் மூச்சு முடிந்துவிட்டால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.