படி தாண்டியவர்கள்: மலைக்கோட்டையைச் சுற்றி ஒரு சினிமா நடை

சினிமா எடுத்த இடங்களைப் பார்க்கப் போவது இப்போது ஒரு சுற்றுலா. கதாநாயகன் நின்ற படிக்கட்டில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், பாட்டு எடுத்த தெருவில் கொஞ்ச தூரம் நடந்து பார்க்கிறார்கள். திருச்சிக்கும் இப்படி ஒரு பட்டியல் உண்டு. மலைக்கோட்டையின் பெயரையே தலைப்பாக வைத்து 2007இல் விஷால் நடித்த படம் வந்தது. உச்சிப் பிள்ளையார், தெப்பக்குளம், காவிரிப் பாலம், ராஜகோபுரம் ஆகியவற்றில் ஒன்றைக் காட்டினால் போதும், "கதை திருச்சியில் நடக்கிறது" என்று நமக்குப் புரிந்துவிடும்.

நான் உங்களை அழைக்கும் நடையும் இதே இடங்கள் வழியாகத்தான் போகிறது. ஆனால் கேமரா எங்கே நின்றது என்பதை மட்டும் தேடினால், படம் பிடிக்கப்பட்டவர்களைத் தாண்டி வேறு யாரும் கண்ணில் படமாட்டார்கள். சினிமா என்ற தொழில் இந்த ஊருக்குள் எப்படி நுழைந்தது, அதற்குள் பெண்கள் எந்த வாசல் வழியாக வந்தார்கள், வெளியே எந்தப் பெயரால் அழைக்கப்பட்டார்கள் என்பதைத்தான் நாம் தேடப்போகிறோம். ஒரு நாள் போதும். நல்ல செருப்பும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அம்மாவையோ பாட்டியையோ கூட அழைத்து வாருங்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

ஜங்ஷனில் தொடங்குவோம். தென்னிந்திய ரயில்வேயின் தலைமையிடமாக இருந்த ஊர் இது. அந்த ரயில்வேயில் எழுத்தராக வேலை பார்த்த கோயம்புத்தூர்க்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில மௌனப் படச் சுருள்களையும் விலைக்கு வாங்கினார். உடல்நலம் குன்றி ஊர் திரும்ப நினைத்தவர் அந்தப் பிரெஞ்சுக்காரர். வின்சென்ட் வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். தென்னிந்தியாவின் டூரிங் சினிமா இப்படித்தான் நடமாடத் தொடங்கியது. ஊருக்கு ஊர் வந்த அந்தக் கொட்டகைகளில் மணல் தரையின் நடுவே ஒரு தடுப்பு இருக்கும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம். பிரித்து உட்கார வைத்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் கோயிலையும் கல்யாண வீட்டையும் விட்டால் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து ஒன்றைப் பார்த்து ரசிக்க வேறு இடமே இல்லாத காலத்தில், தடுப்புக்கு இந்தப் பக்கம் கிடைத்த மணலும் ஒரு புது இடம்தான்.

இந்த ரயில் தண்டவாளத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. சினிமாவுக்கு முன்பு, கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே கொண்டு ஒரு நாடகக் கம்பெனி நடத்தினார். அவருடைய நாடகம் பார்க்கப் போகிறவர்களுக்காகத் திருச்சியிலிருந்தும் மாயவரத்திலிருந்தும் தனி ரயிலே விடப்பட்டது என்று நாடக வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். "பாலாமணி ஸ்பெஷல்" என்று அதற்குப் பெயர். ஒரு பெண் கலைஞரின் பெயரில் ரயில் ஓடிய பாதை இது. இந்தப் பிளாட்பாரத்தில் அதைச் சொல்ல ஒரு பலகைகூட என் கண்ணில் பட்டதில்லை.

ஈரோட்டிலிருந்து கரூர் வழியாக இங்கு வரும் பாதையில் கொடுமுடி இருக்கிறது. வறுமையில் வளர்ந்த கே.பி. சுந்தராம்பாள், சிறுமியாக ரயிலில் பாடிக்கொண்டிருந்தபோது ரயில்வே அதிகாரியும் நாடகக்காரருமான எப்.ஜி. நடேசய்யரின் காதில் விழுந்தார் என்று அவர் வாழ்க்கையைச் சொல்பவர்கள் கூறுவார்கள். மேடையில் அவர் ஆண் வேடங்களும் கட்டினார். 1935இல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் 1 லட்சம் ரூபாய். அன்றைய பெரிய கதாநாயகர்களும் எட்டாத தொகை அது. பின்னாளில் சட்ட மேலவைக்கும் போனார்.

பஸ் ஏறி மெயின்கார்டு கேட்டில் இறங்குவோம். வழியில் பாலக்கரைப் பக்கம் சங்கிலியாண்டபுரம் வரும். சிவாஜி கணேசன் சிறுவனாக வளர்ந்த இடம், எம்.ஆர். ராதா வாழ்ந்த இடம் என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். சொல்லட்டும். கூடவே ஒன்றையும் நினைவில் வைத்துக்கொள்வோம்: பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்த சிறுவன் கணேசன் முதலில் ஏற்ற வேடங்களில் ஒன்று சீதை. அன்றைய நாடக மேடையில் பெண் வேடத்துக்கு 'ஸ்திரீபார்ட்' என்று பெயர். மீசை முளைக்காத பையன்களுக்குச் சேலை கட்டி, பெண் எப்படி நடக்க வேண்டும், எப்படி அழ வேண்டும், எப்படித் தலை குனிய வேண்டும் என்று வாத்தியார்கள் சொல்லிக்கொடுத்தார்கள். அதாவது தமிழ் சினிமா பேசத் தொடங்கும் முன்பே, பெண் எப்படி இருக்க வேண்டும் என்ற இலக்கணத்தை ஆண்கள் ஆண்களுக்குக் கற்பித்து முடித்திருந்தார்கள். பிறகு உண்மையான பெண்கள் நடிக்க வந்தபோது, அந்த இலக்கணத்துக்குத் தங்கள் உடலைப் பொருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. 'நாணம்' என்று நாம் திரையில் பார்த்துப் பழகியதில் எவ்வளவு பெண்களுடையது, எவ்வளவு ஸ்திரீபார்ட் நடிகர்களுடையது என்று யோசித்துப் பாருங்கள்.

மெயின்கார்டு கேட்டைத் தாண்டினால் கோட்டைப் பகுதி. மேலப்புலிவார்டு ரோட்டில் தேவர் ஹால் என்று ஒரு பழைய நாடக அரங்கம். நடேசய்யர் 1914இல் தொடங்கிய ரசிக ரஞ்சன சபாவும் இந்த ஊருடையதுதான். எம்.கே. தியாகராஜ பாகவதர் சிறுவனாக 'அரிச்சந்திரா'வில் லோகிதாசனாக மேடையேறியது அந்த சபாவின் நாடகத்தில். பாகவதரின் பெயரில் இந்த ஊரில் மணிமண்டபம் இருக்கிறது. அதற்குத் தகுதியானவர் அவர்.

இதே ஊரில் மேடையேறிய இன்னொருவர் திருவையாறு பஞ்சாபகேச ராஜலட்சுமி. டி.பி. ராஜலட்சுமி என்று சொன்னால் சிலருக்குத் தெரியலாம். 1911இல் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே மணம் முடித்துவைத்தார்கள். சீர் போதவில்லை என்று புகுந்த வீட்டார் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தந்தையும் விரைவில் இறந்துபோனார். தாய் மீனாட்சி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பிழைப்புத் தேடி வந்த ஊர் திருச்சி.

இந்தத் தெருவில் நின்று அதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 1929இல்தான் வந்தது. கணவன் வீடு தள்ளிவைத்த ஒரு பார்ப்பனச் சிறுமிக்கும், கணவனை இழந்த அவள் தாய்க்கும், ஊர் ஒதுக்கியிருந்த இடம் சமையல்கட்டின் ஒரு மூலை. யார் வீட்டிலாவது சமைக்கலாம், அப்பளம் இடலாம், உறவினர் தயவில் இருக்கலாம். ராஜலட்சுமிக்குப் பாட வந்தது, ஆட வந்தது. சி.எஸ். சாமண்ணாவின் நாடகக் கம்பெனி வாசலுக்குத் தாயும் மகளும் போனார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் அந்தச் சிறுமியின் திறமையைக் கண்டு ஊக்கப்படுத்தினார். குலப்பெண் கூத்தாடப் போவதா என்று கேட்ட சமூகத்தில், மகளை மேடையேற்றிய அந்தத் தாயின் துணிவைப் பற்றி யாரும் தனியாக எழுதியதில்லை. எனக்கு அவர்தான் இந்த நடையின் முதல் கதாநாயகி.

பிறகு நடந்தது சினிமா வரலாறு. 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியான 'காளிதாஸ்' படத்தின் கதாநாயகி அவர். தமிழ் ஒலித்த முதல் பேசும்படம் அது. கதாநாயகன் தெலுங்கில் பேச, ராஜலட்சுமி தமிழில் பேசினார். அப்படியானால் தமிழ்த் திரையில் முதலில் கேட்ட தமிழ், புகுந்த வீடு வேண்டாம் என்று அனுப்பிய ஒரு பெண்ணின் குரல். அத்தோடு அவர் நிற்கவில்லை. 'கமலவல்லி' என்று நாவல் எழுதினார். 1936இல் அதை 'மிஸ் கமலா' என்ற படமாகத் தானே தயாரித்து, இயக்கி, நடித்தார். தமிழின் முதல் பெண் இயக்குநர் அவர். 1964இல் மறைந்தார். 'காளிதாஸ்' பிரதியும் இல்லை, 'மிஸ் கமலா' பிரதியும் இல்லை. படம் எடுத்த இடத்தைத் தேடிப் போக முடியாத, படமே இல்லாமல் போன ஒரு இயக்குநர். அவருக்கு மிஞ்சியிருப்பது அவர் வந்து சேர்ந்த ஊர் மட்டும்தான். அதனால்தான் இந்த நடை.

உறையூரில் கோயில் கொண்டிருக்கும் தாயாரின் பெயர் கமலவல்லி நாச்சியார் என்பதை இந்த ஊர்ப் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாவலின் பெயர் அங்கிருந்து வந்ததா, தற்செயலா என்று சொல்ல ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை. ஆனாலும் உறையூர் வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த நாவல் நினைவுக்கு வருகிறது.

மாணிக்க விநாயகர் சன்னதி பக்கமாக மலையேறுவோம். பாதி வழியில் தாயுமானவர். கதை தெரிந்ததுதான். பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருந்த ரத்னாவதியின் தாய், காவிரி வெள்ளத்தில் அக்கரையிலேயே நின்றுவிட, ஈசனே அந்தத் தாயின் உருவில் வந்து பேறுகாலம் பார்த்தார். வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வந்தபோது, வாசலில் இரண்டு தாய். இந்த ஊரின் முதல் ஸ்திரீபார்ட் அவர்தான் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அவர் பெண் எப்படி நாணுவாள் என்று நடித்துக் காட்டவில்லை. பெண் செய்யும் வேலையைச் செய்தார்: வெந்நீர் போட்டார், மருந்து அரைத்தார், குழந்தையை ஏந்தினார். தன் மகளுக்காக ஊர் விட்டு ஊர் வந்த இன்னொரு தாய் இதே மலையடியில் நாடகக் கம்பெனியைத் தேடி நடந்தார். அவர் உருவில் எந்தத் தெய்வமும் வரவில்லை. அவரே வந்தார்.

கீழே இறங்கி, சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்தால், காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம். சினிமாக்காரர்கள் இங்கே காட்டுவது பெரும்பாலும் தெற்கு வாசல் ராஜகோபுரத்தை. 236 அடி உயரம், குடமுழுக்கு 1987இல் நடந்தது. நாம் கிழக்கு வாசலுக்குப் போவோம். அங்கே வெள்ளைக் கோபுரம் நிற்கிறது. 14ஆம் நூற்றாண்டில் டெல்லிப் படை வந்தபோது, வெள்ளையம்மாள் என்ற கோயில் தாசி படைத் தலைவனை ஆட்டத்தால் மயக்கி நிறுத்தி, மூர்த்தியைக் கொண்டு போகிறவர்களுக்கு நேரம் சம்பாதித்துக் கொடுத்தாள். கடைசியில் அவனைக் கோபுரத்தின் மேலே அழைத்துச் சென்று கீழே தள்ளி, தானும் குதித்தாள் என்பது கோயில் மரபு சொல்லும் கதை. இதை மதப் பகையின் கதையாக மட்டும் சொல்கிறவர்கள், அவள் என்ன தொழில் செய்தவள் என்பதை மெல்ல விட்டுவிடுகிறார்கள். இதே கோயிலில் அரங்கனைத் தேடி வந்த சுல்தான் மகளாகத் துலுக்க நாச்சியாரும் இருக்கிறார், அவருக்காக ரொட்டியும் படைக்கப்படுகிறது என்பதையும் சேர்த்தே விடுகிறார்கள்.

தாயார் சன்னதியில் ரங்கநாயகி. அவருக்கு 'படிதாண்டாப் பத்தினி' என்று பெயர். பெருமாள் உறையூர் போவார், காவிரிக்குப் போவார். தாயார் கோயிலை விட்டு வெளியே வருவதில்லை.

ஆக, இந்த மதிலுக்குள் படி தாண்டாதவர் ஒருவர், வீட்டுப் படி தாண்டி வந்தவர் ஒருவர், கோபுரத்திலிருந்து குதித்தவர் ஒருவர். தமிழ் சினிமா எடுத்துக்கொண்டது முதல் பெயரை மட்டும். எத்தனை அம்மாக்களும் அண்ணிகளும் அந்தச் சொல்லைத் திரையில் சுமந்தார்கள்! ஆனால் அந்த வசனத்தைப் பேசிய நடிகைகளில் படி தாண்டாதவர் யார்? படி தாண்டினால்தானே ஸ்டுடியோவுக்கே போக முடியும்! தஞ்சாவூரின் இசை, நடனக் குடும்பத்திலிருந்து வந்த டி.ஆர். ராஜகுமாரி 1944இல் பாகவதருடன் 'ஹரிதாஸ்' படத்தில் நடித்தார். பிறகு சென்னையில் சொந்தமாகத் திரையரங்கமே கட்டினார். 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. அதற்காகப் போராடிய முத்துலட்சுமி ரெட்டி பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்தவர். பொட்டுக்கட்டும் கொடுமை போனது. ஆனால் ஆடிய பெண்களின் கலையும் வருமானமும் எங்கே போயின என்பதற்கான பதிலின் ஒரு பாதி சினிமாவில் இருக்கிறது. வெள்ளையம்மாளின் ஆட்டத்தைப் போற்றும் ஊர், அவள் வழியில் வந்து கேமரா முன் ஆடியவர்களை 'சினிமாக்காரி' என்றது.

திரும்பும்போது இந்த ஊர்த் தியேட்டர்களின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: ரம்பா, ஊர்வசி, சோனா, மீனா. கட்டடத்துக்குப் பெண் பெயர் வைப்பதில் தயக்கம் இருந்ததில்லை. உள்ளே வர மட்டும் அண்ணன் துணை வேண்டும், மாட்னியாக இருக்க வேண்டும், பக்திப் படமாக இருக்க வேண்டும். பெண்கள் கவுண்டரில் கூட்டம் குறைவு என்பதால் வீட்டு ஆண்களுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்க நம்மை வரிசையில் நிறுத்தினார்கள். அந்தப் பத்து நிமிடம் தெருவில் தனியாக நிற்கும் சுதந்திரத்தை என் தலைமுறைப் பெண்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

இப்போது, பாட்டியை ஏன் அழைத்து வரச் சொன்னேன் என்பது புரிந்திருக்கும். ராஜலட்சுமியின் படங்கள் கிடைக்கவில்லை. அந்தப் படங்களைப் பார்த்த பெண்களையும் நாம் இழந்துவிட்டோம். அடுத்த தலைமுறை இன்னும் இருக்கிறது. முதலில் பார்த்த படம் எது, எந்தக் கொட்டகை, யாரோடு போனாய், வீட்டில் என்ன பொய் சொன்னாய், டிக்கெட் காசு எந்த டப்பாவிலிருந்து வந்தது என்று கேளுங்கள். தேதியோடு எழுதி வையுங்கள். கேட்கிற இடம் தெப்பக்குளக் கரையாக இருந்தால் நல்லது. உட்கார இடம் இருக்கும், பக்கத்திலேயே டீக்கடையும் இருக்கும், அவர்களுக்கும் கால் வலித்திருக்கும்.