ஆங்கில ஆசிரியர் தொழில்சார் விருத்தி: சப்ரகமுவத் தோட்டப் பாடசாலைகள்

புதிய தவணை தொடங்குமுன் ஆங்கில ஆசிரியர்கள் தம் மொழித்திறனையும் கற்பித்தல் முறையையும் செம்மைப்படுத்திக்கொள்ள மேற்கொள்ளும் செயலமர்வு, சேவைக்காலப் பயிற்சி, தன்கற்றல் ஆகியவை இலங்கைக் கல்வித்துறையில் தொழில்சார் விருத்தி எனப்படுகின்றன. சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களை அண்டியுள்ள தமிழ்மொழிப் பாடசாலைகளுக்கு இது மிக அவசியமானது. ஆயினும் அப்பாடசாலைகளுக்கு இது மிகப் பிந்தியே கிடைத்தது. பெல்மடுளைக்கும் பலாங்கொடைக்கும் இடைப்பட்ட ஓப்பநாயக்க இப்பகுதியின் நிலைமைக்கு நல்ல சான்று. களனிவெளிக் குறுகிய ரயில் பாதை 1912இல் இரத்தினபுரியை அடைந்து, 1919இல் ஓப்பநாயக்க வரை நீண்டது. தோட்ட விளைச்சலைக் கொழும்புக்குக் கொண்டுசேர்த்த அப்பாதையின் இறுதி நிலையம் அதுவே. அங்கு ரயில் வந்த காலத்திலும் தோட்டப் பிள்ளைக்கு ஆங்கிலம் கற்பிக்க ஓர் ஆசிரியரை ஆயத்தப்படுத்தும் ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை.

தொடக்க வரலாறு

இலங்கைத் தமிழரிடையே ஆங்கில ஆசிரியரை உருவாக்கும் பணி வடக்கில் தொடங்கியது. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரி, ஆங்கிலத்தையும் தமிழையும் அறிவியலையும் ஒருங்கே கற்பித்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1857இல் முதன்முதல் பட்டம் பெற்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் அங்கு பயின்றவர்களே. செமினரி 1855இல் மூடப்பட்டபோதும் அங்கு பயின்றோர் ஆசிரியர்களாகவும் எழுத்தர்களாகவும் இலங்கை, இந்தியா எங்கும் பரவியிருந்தனர். ஆசிரியர் ஒருவர் இரு மொழிகளிலும் தேர்ந்தவராக இருக்கவேண்டும் என்ற அச்செமினரியின் கொள்கை இன்றைய பயிற்சித் திட்டங்கள் பலவற்றைக் காட்டிலும் தெளிவானது.

தெற்கில் அரசு வேறு வழியில் சென்றது. பிரித்தானிய ஆணையாளர் கோல்புறூக் 1831–32இல் சமர்ப்பித்த அறிக்கைகள், பள்ளி ஆசிரியருக்கு ஆங்கில அறிவு கட்டாயம் வேண்டும் என வலியுறுத்தின. 1834இல் பாடசாலை ஆணைக்குழுவும் 1841இல் மத்திய பாடசாலை ஆணைக்குழுவும் அமைந்தன. ஆசிரியர்களைப் பழக்குவதற்கான முதல் முயற்சிகள் 1840களில் கொழும்பில் நடந்தன. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் உருவானது. 1903இல் கொழும்பில் அரசாங்க ஆசிரிய பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. இவற்றின் பயன் நகரத்து ஆங்கிலப் பாடசாலைகளோடு நின்றது.

தோட்டங்களின் கதை முற்றிலும் வேறு. 1850களின் நடுவில் கண்டிப் பகுதித் தோட்டங்களில் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன், உபதேசிமார் மூலம் எழுத்தறிவைக் கொண்டுவந்தது. லயத்து அறை ஒன்றோ, கோயில் திண்ணையோ பள்ளிக்கூடமாயிற்று. ஒரே ஆசிரியர் எல்லா வகுப்புகளையும் பார்த்தார். பொதுப் போதனைத் திணைக்களத்தின் எஸ். எம். பரோஸ் 1904இல் அளித்த அறிக்கையும், அதையடுத்து வந்த வேஸ் ஆணைக்குழுவும் தோட்டக் கல்வியின் அவல நிலையை அரசின் முன் வைத்தன. 1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், 6 முதல் 10 வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் கடமையைத் தோட்டத் துரைமேல் சுமத்தியது. அது ஒரு முன்னேற்றமே. ஆனால் அக்கடமையில் ஆங்கிலம் சேரவில்லை. தோட்டக் காரியாலயம் ஆங்கிலத்தில் இயங்க, தொழிலாளியின் பிள்ளை அம்மொழிக்கு வெளியே நிறுத்தப்பட்டது. இப்பாகுபாடே தோட்டப் பாடசாலைகளில் ஆங்கில ஆசிரியர் மரபு உருவாகாமற்போனதற்கு முதற்காரணம்.

கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கீழேயே விடப்பட்டன. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியதால், அரசாங்க ஆசிரியர் பணிக்கு நுழையும் வாயிலும் அவர்களுக்கு அடைபட்டது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1977 முதலே. நாட்டின் பிற பாடசாலைகள் மூன்று தலைமுறைகளாகப் பெற்ற பயிற்சியை இப்பாடசாலைகள் அதன் பின்னரே தொடங்கவேண்டியிருந்தது.

பயிற்சி நிறுவனங்கள்

தேசிய கல்வி நிறுவகம் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி மகரகமையில் அமைந்தது. சுவீடனின் சீடா நிறுவனம் 1980களின் நடுவிலிருந்து தோட்டப் பாடசாலைக் கட்டடங்களுக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் உதவியது. ஜெர்மன் உதவியுடன் கொட்டகலை பத்தனையில் எழுந்த ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி மலையகத்துக்குப் பெரும் கொடை. கல்வியியற் கல்லூரிகளில் இரண்டு ஆண்டு வதிவிடப் பயிற்சியும் ஓராண்டு கட்டுறு பயில்வும் உண்டு. ஆங்கிலத்தைச் சிறப்பாகப் பயில்வோர் களுத்துறை மாவட்டத்துப் பஸ்துன்ரட்டவுக்கோ பேராதனைக்கோ செல்கின்றனர்.

சேவையிலிருக்கும் ஆங்கில ஆசிரியருக்காகப் பிரித்தானிய உதவியுடன் பிரதேச ஆங்கில உதவி நிலையங்கள் உருவாயின. தவணைக்கு முன் கூடிப் பயில ஆசிரியர்களுக்கு அருகிலேயே ஓர் இடம் கிடைத்தது இவற்றாலேதான். ஆங்கிலம், தகவல் தொழில்நுட்ப ஆண்டாக அறிவிக்கப்பட்ட 2009இல், ஐதராபாத்தின் ஆங்கில, அயல்மொழிகள் பல்கலைக்கழகத்தின் துணையுடன் இலங்கை–இந்திய ஆங்கிலப் பயிற்சி நிலையம் பேராதனையில் தொடங்கியது. அந்த ஐதராபாத் நிறுவனம் 1958இல் ஆங்கில மத்திய நிறுவனமாகப் பிறந்தது. தென்னாசியாவில் ஆங்கில ஆசிரியர் பயிற்சிக்கு அதுவும் ஒரு முன்னோடி.

2014–15இல் தோட்டப் பாடசாலைகளுக்குச் சுமார் 3,000 ஆசிரியர் உதவியாளர்களைச் சேர்க்கும் திட்டம் வந்தது. தொடக்கத்தில் மாதம் 6,000 ரூபாவும் பின்னர் 10,000 ரூபாவும் கொடுப்பனவாகத் தரப்பட்டன. உயர்தரம் முடித்த கையோடு வகுப்பறைக்குள் நுழைந்து, பின்னரே பயிற்சிக்குச் சென்ற இவ்விளைஞர்கள் பட்ட சிரமம் சொல்லி முடியாது.

தவணைக்கு முன் செய்யப்படுவன

இலங்கைப் பாடசாலை ஆண்டு மூன்று தவணைகளைக் கொண்டது. விடுமுறை முடியுமுன் அல்லது முதல் வாரத்தில் சேவைக்கால ஆலோசகர் ஆங்கில ஆசிரியர்களை அழைத்து, ஆசிரியர் வழிகாட்டியின் தேர்ச்சி மட்டங்களை அத்தவணையின் பாடவேளைகளுக்குப் பங்கிடுவார். செயலமர்வின் பெரும்பகுதி இப்பங்கீட்டிலேயே கழிந்துவிடுகிறது. தவணைத் திட்டம் தேவைதான். எனினும் தோட்டப் பாடசாலை ஆசிரியருக்கு அதைவிட அவசரமானவை இரண்டு.

முதலாவது, ஒலிப் பயிற்சி. தமிழ் எழுத்தில் ககர, பகர ஒலிகளுக்குத் தனித்தனி வர்க்க எழுத்துகள் இல்லை. பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லின் கீழே உச்சரிப்பைத் தமிழில் எழுதிக்கொள்வார்கள். பெரியது எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லும், பன்றியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் கொப்பியில் ‘பிக்’ என்றே விழும். ஒருமுறை அப்படி விழுந்தால் தரம் 11 வரை அது திருந்துவது கடினம். ஆகவே சொல்லை எழுதிக் காட்டுமுன் பலமுறை கேட்கச் செய்து, உதடும் காற்றும் படும்பாட்டை வாய்முன் காகிதத்துண்டு பிடித்துக் காட்டவேண்டும். பன்றியைச் சொல்லும்போது காகிதம் அசையும், பெரியதைச் சொல்லும்போது அவ்வளவாக அசையாது. இந்த எளிய உத்தியை ஆசிரியர் முதலில் தாமே பழகிக்கொள்ள அரை நாள் ஒதுக்கினால் தவணை முழுவதும் பலன் கிடைக்கும்.

இரண்டாவது, பாடப்பொருளை இடத்துக்கேற்ப மாற்றுதல். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த சுரேஷ் கனகராஜா, அமெரிக்கப் பாடநூல் ஒன்றை வைத்து நடந்த வகுப்பில் மாணவர் எவ்வாறு விலகி நின்றனர் என்பதை 1999இல் வெளியான தம் ஆய்வுநூலில் விவரித்தார். ஓப்பநாயக்க, பலாங்கொடை, எட்டியாந்தோட்டைப் பிள்ளைகளுக்குக் கொழுந்து நிறுவை நல்ல பாடம். எத்தனை கிலோ, யாருடைய கூடை, எவ்வளவு கழிவு என்ற வினாக்களில் எண்ணும் வினாவாக்கியமும் உடைமைச் சொல்லும் ஒருங்கே அமைகின்றன. விடியற்காலைப் பால்வெட்டும் மாணிக்கக்குழியும் அவ்வாறே. இத்தகைய உரையாடல்களை ஐந்தாறு ஆசிரியர் கூடி எழுதிப் பங்கிட்டுக்கொள்வதே தவணைக்கு முந்திய செயலமர்வின் உண்மையான பயன்.

வகுப்பில் தமிழைப் பயன்படுத்துவதை ஆசிரியர் தவிர்க்கத் தேவையில்லை. கட்டளையும் பயிற்சியும் ஆங்கிலத்தில் நடக்க, இலக்கண நுட்பமும் ஆறுதல் மொழியும் தமிழில் வருவதே பிள்ளையின் அச்சத்தைப் போக்கும் வழி.

தற்போதைய நிலை

கல்வி மாகாண சபைகளுக்குப் பகிரப்பட்ட பின், இப்பாடசாலைகள் பெரும்பான்மை சிங்களமொழிப் பாடசாலைகளைக் கொண்ட மாகாண நிர்வாகத்தின் கீழ் வந்தன. 2014ஆம் ஆண்டின் ஆசிரியர் சேவைப் பிரமாணம் தர உயர்வுக்குத் தொழில்சார் விருத்தியை வேண்டுகிறது. பாடசாலை மட்ட ஆசிரியர் விருத்தியும் நடைமுறையில் உள்ளது. கொரோனாக் காலம் முதல் இணையவழி அமர்வுகள் பெருகியுள்ளன. இரத்தினபுரி மாவட்டத்தில் கஹவத்தையில் ருவன்புர தேசிய கல்வியியற் கல்லூரி இயங்குகிறது. ஆயினும் தமிழ்மொழி மூலத் தேசிய கல்வியியற் கல்லூரி எதுவும் சப்ரகமுவ மாகாணத்தில் இல்லை.