காயலான் கடைக்குப் போடுமுன்...

பழைய டெஸ்க்டாப் தவழுகிறதா? குற்றவாளி பெரும்பாலும் பிராசசர் அல்ல, ஹார்ட் டிஸ்க்.

1956-ல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்கில் 50 தட்டுகள். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். பிறகு கொள்ளளவு எங்கோ போய்விட்டது. தட்டு சுற்றுவது மட்டும் மாறவில்லை. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றினாலும், கேட்ட தகவல் முனைக்குக் கீழே வர சராசரியாக 4 மில்லிசெகண்ட். ரெக்கார்டு ரூமிலிருந்து பேரேடு வரும்வரை கைகட்டி உட்கார்ந்திருக்கும் கிளார்க் மாதிரி, பிராசசர் காத்திருக்கும்.

தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோக்கா 1980களில் உருவாக்கிய ஃப்ளாஷ் நினைவகத்தில் சுற்ற எதுவுமே இல்லை. இன்றைய எஸ்எஸ்டி அதன் வாரிசு. 2003-ல் அறிமுகமான சாட்டா இணைப்பு உங்கள் பெட்டியில் இருந்தால், மதர்போர்டை மாற்றாமலே அதை மாட்டலாம். விண்டோஸ் எஸ்எஸ்டியில், படங்கள் பழைய டிஸ்கில். கோப்புகளுக்கு முதலில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். புது கம்ப்யூட்டர் காசு மிச்சம்!